பேய்க்கு ஊர் உண்டு, பிணத்துக்குப் பெயர் இல்லை

புதிய ஊருக்குக் குடிபோகிறவனுக்கு அந்த ஊர் முதன்முதலில் எடுத்து வழங்குவது எது? தண்ணீர் வரும் நேரமா, மளிகைக் கடையின் வாடிக்கையா, வாடகை குறைந்த வீடா? அல்ல, அல்ல! பேய்தான்! "பொழுது சாய்ந்தபின் அந்தப் புளியமரத்தடியில் நிற்காதீர்கள் சார்" என்பார் பால்காரர். "ஊருணிக் கரை வழியே வேண்டாம், சுற்றிப் போங்கள்" என்பார் தேநீர்க் கடைக்காரர். குடும்ப அட்டையில் முகவரி மாறுவதற்கு முன்பே, ஊரில் உலவும் ஆவிகளின் பட்டியல், இருப்பிடக் குறிப்போடு, நம் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. உயிரோடு இருப்பவர்களை அறிமுகம் செய்துவைக்க ஆளில்லை. செத்தவர்களை அறிமுகம் செய்துவைக்க ஊரே முன்வருகிறது!

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்று வந்து ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் நாம் கேட்டுத் திரட்டிய பேய்கள் பதினான்கு. "பேய் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். அது உண்மையுங்கூட. ஆனால், இல்லாத பேயைப் பற்றி இத்தனை கதைகள் இருக்கின்றனவே, அந்தக் கதைகள் இருப்பது மெய்தானே? காவியத்தைத் திறனாய்கிறோம், நாடகத்தைத் திறனாய்கிறோம், திரைப்படத்தை அக்கக்காகப் பிரித்துப் போடுகிறோம். பாட்டி வாயில் வழங்கி, பேரன் நெஞ்சில் பதிந்து, பத்து வயதுப் பெண்ணின் உறக்கத்தைப் பறிக்கும் ஆற்றல் படைத்த இந்த இலக்கியத்தை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? கதை யாரைப் பற்றியது, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொல்லாமல் விடுவது எது என்று இதனையும் நிறுத்துக் கேட்போம்.

பதினான்கு பேய்களில் ஒன்பது பெண்கள். அவர்களுள் நால்வர் பிள்ளைப்பேற்றில் மாண்டவர்கள். மூவர் கிணற்றில் விழுந்தோ கயிற்றில் தொங்கியோ மாண்டவர்கள். இருவர் மணமாகாமல் செத்த கன்னியர். ஆண்கள் ஐவர்: கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் இருவர், பனையிலிருந்து விழுந்த பனையேறி ஒருவர், சாலையில் அடிபட்ட லாரிக் கிளீனர் ஒருவர், ஐந்தாமவர் மட்டும் பிரம்மராட்சசர். அவர் கதையைப் பிறகு பார்ப்போம். இந்தப் பட்டியலில் ஒரு மிராசுதாரர் உண்டா? வட்டிக்கடை முதலாளி உண்டா? பத்து ஊருக்கு நாட்டாண்மை செய்தவர் உண்டா? ஒருவரும் இல்லை! அவர்களெல்லாம் கட்டிலில் படுத்துச் செத்தார்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் படமானார்கள், மாலை சூட்டிக்கொண்டார்கள். பேயானவர்கள் அத்தனை பேரும் உழைத்து, அல்லலுற்று, வயது முதிராமல் செத்தவர்கள்.

ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கிறது. நட்ட இரண்டு கற்களின்மேல் பாவிய ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் துணையின்றி இறக்கிவைத்து இளைப்பாறும் உயரம். வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்கு ஈடாக, இத்தகைய கல்லை நடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. எத்துணை அழகிய நினைவுச் சின்னம்! கோபுரம் கட்டத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாத கற்பனை, கூடை சுமந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால், அந்தக் கல்லைச் சுற்றி இன்று வழங்கும் கதை என்ன? வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் ஒருத்தி அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பாளாம், தண்ணீர் கேட்பாளாம், கொடுத்தவரைப் பிடித்துக்கொள்வாளாம்! மருத்துவச்சி வராமல், வண்டி கிடைக்காமல், குருதி வடிந்து, நாவறண்டு செத்தவள் தண்ணீர் கேட்கிறாள். அதைக் கொடுக்காதே என்று கற்பிக்கிறது கதை. கல் நட்டவரின் நெஞ்சம் எங்கே, கதை கட்டியவரின் நெஞ்சம் எங்கே!

இத்தகைய பேய்கள் புதிதாகத் தோன்றுவது அருகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் கேட்ட நான்கு பிள்ளைத்தாய்ச்சிப் பேய்களும் பாட்டிமார் காலத்தவை. தமிழ்நாட்டில் 2018 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பின்படி, ஓர் இலட்சம் மகப்பேறுகளுக்குத் தாய் இறப்பு 54. அதுவும் அதிகமே, ஒரு தாயும் சாகக் கூடாது. எனினும், வீட்டுக்கு வீடு பிரசவச் சாவு நிகழ்ந்த காலம் மலையேறிவிட்டது. அந்தப் பேயை ஓட்டியது உடுக்கையா? ஊர் ஊராக நடந்த செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், இரும்புச் சத்து மாத்திரை, ஆம்புலன்ஸ் வண்டி!

பேயைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றையும் ஒரு பார்வை பார்ப்போம். பழையனூர் நீலியின் கதையை அறியாதார் யார்? முற்பிறப்பில் கணவன் கையால் கொலையுண்டவள் நீலி. மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கிறாள். கரிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவன் என் கணவன்" என்று அவையின்முன் அழுகிறாள். வேளாளர் எழுபதின்மர், "அவன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்கிறார்கள். கதையின் புகழ் முழுவதும் அந்த எழுபதின்மருக்கு. வாய்மைக்கு எடுத்துக்காட்டு என்று மேடைதோறும் பேசப்படுகிறது. சரி, முதற் கொலை என்னாயிற்று? மனைவியைக் கொன்றானே, அதை விசாரிக்க ஓர் அவை கூடியதாகக் கதையில் உண்டா? பிணை நிற்க எழுபது பேர் வந்தார்களே, அவள் செத்த அன்று ஏன் என்று கேட்க ஒருவராவது வந்தாரா? இல்லை. அதுமட்டுமா? கொலையுண்டவளின் கண்ணீர் நம் மொழியில் என்னவாயிற்று? "நீலிக் கண்ணீர்" என்றால் பொய்க் கண்ணீராம்! கொன்றவன் பெயர் யாருக்கும் நினைவில்லை. செத்தவள் பெயர் வசைச் சொல்லாகிவிட்டது. ஒரு சமுதாயம் தன் கொலையை மறைக்க மொழியையே கருவியாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

மணிமேகலையில் இதற்கு மாறான ஓர் இடம் உண்டு. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சுடுகாட்டுக்குள் புகுந்துவிடுகிறான். பிணத்தின் தலையைக் கையிலேந்திப் பேயொன்று கூத்தாடக் கண்டு, அலறி, ஓடி, தாயிடம் சொல்லி, உயிர் விடுகிறான். தாய் கோதமை, ஊர்த் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தெய்வம் என்ன சொல்கிறது தெரியுமா? பேய் உயிரை உண்பதில்லை என்கிறது! சிறுவனின் மயக்கமே வாயிலாயிற்று என்கிறது! நூற்றாண்டுகளுக்குமுன் ஒரு தமிழ்ப் புலவர், ஒரு தெய்வத்தின் வாயாலேயே, பேயைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்திருக்கிறார். கொன்றது அச்சம் என்னும் வாசற்படி வரை வந்துவிட்டார். உள்ளே நுழைந்தாரா? இல்லை, மறுவரியிலேயே பழியை ஊழ்வினையின்மேல் ஏற்றிவிட்டார். பேய் போயிற்று, விதி வந்தது. அரைக்கிணறு தாண்டிய கதைதான். ஆனாலும், சாத்தனார் தாண்டிய அந்த அரைக்கிணற்றைக்கூட இன்று தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்கள் தாண்டவில்லையே!

உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாகக் கருதப்படுவான் என்னும் கருத்துடைய குறளை நம்மீது வீசுகிறவர்கள் உண்டு. அது புல்லறிவாண்மை அதிகாரத்தில் உள்ள குறள் என்பதையும், எப்பொருள் யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணச் சொன்னவரும் அதே வள்ளுவர்தான் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டி, மேலே செல்வோம்.

புதுமைப்பித்தனின் "காஞ்சனை" வேறு வகை. பிச்சைக்கு வந்த பெண்ணொருத்தியை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட குடும்பத்துக்குள் அச்சம் நுழைவதைச் சொல்லும் கதை. பேய் உண்டா, இல்லையா என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் தோழர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியல்ல. எங்கிருந்து வந்தாள், என்ன சாதி என்று அறியாத ஒருத்தி வாசலைத் தாண்டி உள்ளே வந்தால், நடுத்தர வீட்டின் நெஞ்சு எப்படிப் படபடக்கிறது என்பதை அந்தக் கதையைப்போல் காட்டிய கதை தமிழில் குறைவு. ஆவியை மறந்துவிட்டு அந்தப் படபடப்பை மட்டும் படித்துப் பாருங்கள்.

திரைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2005இல் வந்த "சந்திரமுகி", மனநோய் என்று மருத்துவரைக் கொண்டு சொல்லிவிட்டு, மந்திரவாதியையும் மேடையேற்றி, இருவருக்கும் கூலி கொடுத்து அனுப்பியது. 2011இல் வந்த "காஞ்சனா", நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையைப் பேயாக்கிப் பழி வாங்க வைத்தது. திருநங்கையின் துயரைப் பெருங்கூட்டத்தின் முன் வைத்ததற்காக அதைப் பாராட்டலாம். ஆனால், நீதி கிடைக்க அவள் சாகவேண்டியிருக்கிறதே! உயிரோடு காவல் நிலையப் படியேறி நீதி பெறும் திருநங்கையைக் காட்டினால் அரங்கு நிறையாதோ?

இனி, இந்த மாவட்டத்தின் புகழ்பெற்ற "பேய் நகரம்" தனுஷ்கோடிக்கு வருவோம். வெளியூரிலிருந்து நண்பர்கள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். அரிச்சல்முனை வரை சாலை 2017இல் திறக்கப்பட்டபின் கூட்டம் பெருகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் முன்னும், தொடர்வண்டி நிலையத்தின் எஞ்சிய சுவர்களின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இரவில் இரயில் ஊதும் ஓசை கேட்குமாம், அலறல் கேட்குமாம், அதனால்தான் மாலைக்குமேல் யாரையும் விடுவதில்லை" என்று வேன் ஓட்டுபவர் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் மெய்சிலிர்க்கிறார்கள். விளக்கில்லாத மணல்வெளி, இருபுறமும் கடல், எதிரே அயல்நாட்டு எல்லை. இருட்டியபின் பயணிகளைத் திருப்பியனுப்ப இவை போதாதா, பேய் வேறு வேண்டுமா?

நடந்தது என்ன? சென்னையிலிருந்து வரும் படகுத் தொடர்வண்டி தனுஷ்கோடியில் நிற்க, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சென்ற காலம் ஒன்றிருந்தது. தபால் நிலையம், பள்ளி, சுங்கச் சாவடி என்று எல்லாம் அமைந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும் வேளையில் அலைக்கு இரையாயிற்று. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர், ஒருவரும் மீளவில்லை. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் சேர்த்து மாண்டவர் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பின்னர், வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலம் எத்தனை நாளில் சீராயிற்று? 46 நாளில்! பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் நடந்த அந்தப் பணி இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதுதான். பக்கத்தில் புதிய பாலமும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. பாலத்துக்கு வரலாறு கிடைத்தது. நாள், கிழமை, பொறியாளர் பெயர், இரும்பின் எடை எல்லாம் கிடைத்தன. அந்த ஊர் மக்களுக்குக் கிடைத்தது பேய்க்கதை.

இங்கேதான் நமக்குச் சினம் பிறக்கிறது. அலறுவதாகச் சொல்லப்படும் அந்த ஆவி யார்? கூலிக்குச் சுமை தூக்கியவரா, பள்ளிச் சுற்றுலா வந்த சிறுவரா, பொட்டலம் விற்றவரா? கேட்டுப் பாருங்கள், வேன் ஓட்டுபவருக்கும் தெரியாது, படம் பிடிப்பவருக்கும் தெரியாது. ஓலம் மட்டும் தெரியும். இன்னொன்றும் உண்டு. "ஆளற்ற ஊர்" என்று விளம்பரம் செய்கிறார்களே, கம்பிப்பாட்டிலும் பாலம் என்னும் குடியிருப்பிலும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றனவே, அவர்கள் ஆள் இல்லையா? பயணிகள் திரும்பியபின் அந்த இருட்டில் உறங்குகிறவர்கள் அவர்கள். பேய்க்கு அஞ்சி ஓடவில்லை. கடல் அரிப்புக்கு அஞ்சுகிறார்கள், மீன் வரத்துக் குறைவதற்கு அஞ்சுகிறார்கள், எல்லையில் படகு பிடிபடுவதற்கு அஞ்சுகிறார்கள். செத்தவர்களைக் காண நூறு கல் கடந்து வருகிறவர்களுக்கு, சிப்பியும் சோழியும் விற்றுக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணின் முகம் தெரிவதில்லை!

பிரம்மராட்சசரை மறந்துவிடவில்லை. ஊர்ப் பேய்களெல்லாம் சுடுகாட்டிலும் புளியமரத்திலும் குடியிருக்க, அவர் மட்டும் தனியாக அரசமரத்தில். மற்றவை மாமிசப் படையல் கேட்கும், அவர் சைவம். மற்றவற்றை வேப்பிலையால் அடித்து விரட்டலாம். அவரை வணங்கித்தான் அனுப்பவேண்டுமாம்! செத்தபின்னும் சேரி வேறு, அக்கிரகாரம் வேறு. ஆவியுலகத்துக்கும் வருணாசிரமத்தைக் கொண்டுபோன கைங்கரியத்தை என்னென்பது!

சிரித்துவிட்டோம். சிரிக்க முடியாத இடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏர்வாடி. பேய் பிடித்தவர்கள் என்று எல்லா மதத்தாரும் தத்தம் உறவினரைக் கொண்டுவந்து விட்டுச் சென்ற ஊர். அங்கே தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் ஓடவும் வழியின்றி வெந்தார்கள். மாண்டவர் 28 பேர். அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்து, நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்தது. பேய்க்கதை வெறும் பொழுதுபோக்குத்தானே, பாட்டி சொல்லிவிட்டுப் போகட்டுமே என்கிற அன்பர்கள், அந்த 28 பேரின் சங்கிலியில் எத்தனை கண்ணி இந்தக் கதைகளால் வார்க்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழுந்தாள். கைகால் வெட்டியது, வாயில் நுரை. அன்று மாலையே கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். உடுக்கை ஒலித்தது. சுமைதாங்கிக் கல்காரிதான் பிடித்திருக்கிறாள் என்று தீர்ப்பும் வந்தது. பதினெட்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது முழங்கைக்குக் கீழே சூட்டுக் காயம் இருந்தது. "வாத்தியார் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? நாளை இவளைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா?" என்றார் அவள் தந்தை. அவர் கொடியவர் அல்லர்; மகளுக்காக இரண்டு ஆட்டை விற்றுக் கோடாங்கிக்குக் கொடுத்தவர். பல நாள் பேசியபின் அரசு மருத்துவமனைக்கு வந்தார். வலிப்பு நோய் என்றார்கள். நாள்தோறும் விழுங்க மாத்திரை கொடுத்தார்கள். அவள் இப்போது வகுப்புக்கு வருகிறாள். ஆனால், அவள் அமரும் பலகையில் பக்கத்து இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மேடையில் "புளியமரம் இரவில் கரியமில வாயுவை வெளிவிடுகிறது, அதனால் மூச்சுத் திணறுகிறது, அதையே பேய் அமுக்குவதாக எண்ணுகிறார்கள்" என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது பகுத்தறிவின் உடையணிந்த மூடநம்பிக்கை! எல்லா மரமும் இரவில் அந்த வாயுவை விடுகிறது. திறந்தவெளியில் அது காற்றோடு கலந்து போகிறது. மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சைவிட அது பெரிதன்று. வாயுதான் காரணமென்றால் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உறங்குகிறவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அமுக்குவதற்கு விளக்கம் வேறு. கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் இயக்கம் அடங்கிக் கிடக்கும். அந்த நிலை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சில் யாரோ ஏறியமர்ந்ததுபோல் தோன்றும். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் நீங்கிவிடும். கட்டிலிலும் வரும், மரத்தடியிலும் வரும். பொய்யை இன்னொரு பொய்யால் வெல்ல முயன்றால், மாணவன் நாளை இரண்டையும் சேர்த்து நம்புவான்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), இயற்கைக்கு மீறிய ஆற்றலை மெய்ப்பித்தால் ஓர் இலட்சம் ரூபாய் என்று அறைகூவினார், எவரும் பெற்றதில்லை. அந்த அறைகூவலைவிட நம்மைக் கவர்ந்தது அவர் நடந்துகொண்ட முறை. ஒரு வீட்டில் கல் விழுகிறது, துணி எரிகிறது என்றால், அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரோடு இருப்பவர் யார் என்று அவர் தேடினார்.

அந்த வழியைப் பின்பற்றி நம் மாணவரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஊரில் பேய் இருப்பதாகச் சொல்லப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். செத்தவர் பெயர் என்ன, எப்போது, எதனால், அன்று யார் உதவியிருந்தால் பிழைத்திருப்பார், இந்த இடத்துக்கு இருட்டியபின் ஆள் வராமலிருந்தால் யாருக்கு வசதி? கடைசிக் கேள்விக்கு ஊருணிக் கரைப் பேயைப் பற்றி ஒரு பையன் எழுதிவந்த விடை, "மணல் அள்ளுகிறவர்களுக்கு" என்பது. பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். தலைமையாசிரியர், பாடத்தை முடித்துவிட்டுச் செய்யுங்கள் என்றார். செய்கிறோம்.

பதினான்கு பக்கங்களில் ஆறு நிரம்பியிருக்கின்றன. பனையேறியின் பேத்தி இன்னும் ஊரில் இருக்கிறார். தாத்தா விழுந்த ஆண்டைச் சொன்னார், பெயரையும் சொன்னார், எழுதிக்கொண்ட மாணவனுக்குப் பதநீரும் கொடுத்தார். சுமைதாங்கிக் கல்லின் பக்கத்தை, பக்கத்து இடம் காலியாக இருக்கும் அந்த மாணவியே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரின் மூத்த கிழவியிடம் இரண்டு முறை போய்வந்துவிட்டாள். கல்லுக்குரியவள் எந்த ஊரிலிருந்து வாழ வந்தவள் என்பது தெரிந்துவிட்டது. எத்தனையாவது பேறு என்பதும் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் பிறந்த ஊருக்குப் போய்க் கேட்கப்போகிறாள். துணைக்கு வர இருவர் இசைந்திருக்கிறார்கள்.